தலை மட்டமான போயா

சிலமலை சுருளிவேலுக்குச் சிவப்பும் பச்சையும் ஒரே நிறம்தான். போடியில் ஏலக்காய்த் தரம் பிரிக்கும் வேலைக்குப் போனவர் மூன்றே நாள்தான் தாக்குப்பிடித்தார். பச்சைக் காயையும் பழுப்புக் காயையும் ஒரே சாக்கில் கொட்டினால் யார் வைத்துக்கொள்வார்கள்? கூட வேலை பார்த்த பெண்கள் சிரித்த சிரிப்பில் ஊரை விட்டே கிளம்பி, தூத்துக்குடியில் மீன்பிடி லாஞ்சில் வலை இழுக்கப் போய்விட்டார். மலையடிவாரத்து ஆள் கடலுக்குப் போனதே கூத்து. போன இடத்தில் தன் கண்ணைப் பற்றி மூச்சு விடவில்லை.

1984 ஐப்பசியில் ஒரு பகல். கொட்டுகிற மழையில் கரைக்குத் திரும்பும்போது இன்ஜின் குழாய் பிய்த்துக்கொண்டது. லாஞ்சை ஓட்டும் சேசையா, சுருளிவேலைவிடப் பத்து வயது இளையவன், வீலை அவர் கையில் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கினான்.

“பாறைக்கு அடையாளமா மிதக்குற போயா ஒண்ணு வரும் அண்ணாச்சி. மழையில எந்தப் பக்கத்துப் போயான்னு சொல்ல முடியல. சிவப்புன்னா இடக்கையில விடுங்க, பச்சைன்னா வலக்கையில. மாறுனா பாறைதான்.”

போயா வந்தது. நனைந்த மண் நிறத்தில் ஆடிக்கொண்டிருந்தது. குத்துமதிப்பாகத் திருப்பிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தார். லாஞ்சில் ஐந்து உயிர். மானம் போனால் போகிறது என்று கத்தினார்.

“தம்பி, எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தேன் தெரியுது! பொறந்ததுலருந்தே அப்படித்தேன்!”

சேசையா குழாயை விடாமல் கீழேயிருந்தே கத்தினான்.

“நிறத்த விடுங்க. தலை டின்னு மாதிரி மட்டமா இருக்கா, கூரா இருக்கா?”

“மட்டம்!”

“அப்ப சிவப்பு. இடக்கையில விடுங்க.”

விட்டார். போயாவுக்கு அந்தப் பக்கம் பாறையில் நுரை பொங்கியது.

கரையேறியதும் போடி பஸ்சுக்குப் பையைக் கட்டினார். கண்ணை மறைத்தவனுக்கு இங்கே இனி என்ன சோலி? சேசையா வந்து பையைப் பிடுங்கி லாஞ்சுக்குள் எறிந்தான். மறுநாள் காலையில் வீலையும் கொடுத்தான்.

“வெளிய கடலுக்குப் போறப்ப டின்னு தலைப் போயா எந்தக் கைக்கு?”

“போடிமெட்டுக்கு ஏறையில இடக்கையில இருக்குற பாறை, எறங்கையில வலக்கைக்கு வந்துரும்ல? வலக்கைக்குத்தேன்.”

“பகல்ல நீங்க ஓட்டுங்க. ராத்திரி கலர் லைட்டுதான் தெரியும், அப்ப நான் பாத்துக்கிறேன்.”

ஒளித்து வைத்த குறையை இவ்வளவு லேசாகப் பங்கு போட்டுக்கொள்ள ஒருவன் இருப்பான் என்று சுருளிவேல் நினைத்ததே இல்லை. கண் நிறைந்துவிட, இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார்.

“வீல விட்டுட்டுக் கும்பிடாதீங்க அண்ணாச்சி!” என்று சேசையா அலறினான்.