மருந்துப் போத்தலும் மாப் போத்தலும்

கொடுத்த பொருளின் மிச்சத்தைத் திருப்பி வாங்கி எண்ணுகிற உத்தியோகம் எனக்குத் தெரிந்து இரண்டு பேருக்குத்தான் உண்டு. ஒருவர் சோடா லொறிக்காரர், அவர் வெறும் போத்தலை எண்ணுவார். மற்றவன் நான், மருந்துக் குளிசை எண்ணினேன். வாசல் மணியை அமத்திவிட்டு, உள்ளே நாய் குரைப்பதைக் கேட்டபடி, என்ன சொல்லித் தொடங்குவது என்று வாய்க்குள் ஒத்திகை பார்த்து நின்றவர் யாராவது இதை வாசித்தால், அவர் எனக்குச் சொந்தக்காரர்.

மாவுக்குச் சம்பளம்

துறைமுகத்தில் கப்பலால் இறங்கும் மூட்டைகளை எண்ணி எழுதுவது என் பழைய வேலை. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவனுக்கு அது போதுமாக இருந்தது. ஓய்வு பெற்று வெள்ளவத்தையில் சும்மா இருந்தபோது, அடுத்த ஒழுங்கையில் பிள்ளைகளுக்கு வைத்தியம் பார்க்கும் டொக்டர் அம்மா ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். யுத்தத்தின் கடைசி வருஷங்கள் அவை. புரொக்கோலி என்று பூக்கோவாவுக்குத் தம்பி முறையான ஒரு மரக்கறி இருக்கிறது. அதன் முளையிலிருந்து எடுத்த சத்தைக் குளிசையாக்கி வெளிநாட்டிலிருந்து அனுப்பியிருந்தார்கள். ஓட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு அது உதவுமா என்று பார்க்க வேண்டும். மாதம் ஒருமுறை வீடுகளுக்குப் புதுப் போத்தல் கொண்டுபோய்க் கொடுத்து, பழைய போத்தலில் மிஞ்சியதை எண்ணி எழுத ஒரு ஆள் தேவை.

பாதிப் போத்தல்களில் மருந்து, பாதிப் போத்தல்களில் வெறும் மா என்றார் டொக்டர் அம்மா. எது எதென்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. வெளிநாட்டில் ஒட்டி வைத்த ஒரு கடித உறைக்கு மட்டும் தெரியும். அப்போதுதான் ஒருவருக்கும் பக்கம் சாய வராதாம். தாய் தகப்பன்மாருக்கும் இதைச் சொல்லித்தான் சம்மதம் வாங்கியிருந்தார். எனக்கு இது நல்ல நியாயமாகப் பட்டது. வீட்டில் வந்து மனைவிக்கு விளக்கினேன். அவள் மீன் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"கடைக்காரன் மாவைக் கலந்து வித்தா பிடிச்சுக்கொண்டு போறாங்கள். உங்களுக்கு அதுக்குச் சம்பளமோ?"

ஒரு சொல்

முதல் வீடு கொட்டாஞ்சேனையில். பிலோமினாவின் புருஷன் கப்பலில் வேலை, வருஷத்தில் ஒரு மாதம்தான் வீட்டில் இருப்பார். ஒரே மகன் அன்டன். பதின்மூன்று வயது, தாயைவிட ஒரு தலை உயரம், மீசை அரும்பிவிட்டது. ஒரு சொல்லும் பேசமாட்டான். நான் போனபோது மின்விசிறிக்கு நேர் கீழே நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் எதையாவது உற்றுப் பார்க்கும்போது யாரும் குறுக்கே வருவது எனக்கும் பிடிக்காது. அதனால் எங்களுக்குள் பிரச்சினை இல்லை.

குளிசையால் என்ன மாற்றம் வரவேண்டும் என்று ஒவ்வொரு தாயிடமும் கேட்டு எழுதச் சொல்லியிருந்தார் டொக்டர் அம்மா. நித்திரை வரவேண்டும், சாப்பிட வேண்டும், அடம் குறைய வேண்டும் என்றுதான் மற்றவர்கள் சொன்னார்கள். பிலோமினாவுக்கு வேறு கவலை. முன்பெல்லாம் ஆமிக்காரர் நிறுத்திச் சோதிக்கும் தடைகளில் அவனைச் சின்னப் பிள்ளை என்று விட்டுவிடுவார்களாம். இப்போது ஆளைப் பார்த்தால் அடையாள அட்டை கேட்கிற உயரம். கேள்வி கேட்டுப் பதில் வராவிட்டால் ஒரு தமிழ்ப் பையனை என்ன செய்வார்கள் என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

"பேர் என்னன்னு கேட்டா பேரைச் சொல்லணும் அங்கிள். வேற ஒன்னும் கதைக்க வேணாம், அந்த ஒரு சொல்லு போதும்."

தகப்பன் பார்த்த பரிசோதனை

வெள்ளவத்தையில் மங்கை என்பவரின் வீடு. யாழ்ப்பாணத்து ஆட்கள். கணவர் வங்கியில் வேலை. மகள் தாரணிக்கு ஆறு வயது. வெள்ளையாக உள்ளதை மட்டும் சாப்பிடுவாள். சோறு, இடியப்பம், தேங்காய்ப் பால் சரி. மஞ்சள் தூள் பட்ட எதுவும் அந்த வீட்டுச் சுவரில்தான் போய் ஒட்டும். குளிசையைப் பிரித்துத் தேங்காய்ப் பாலில் கரைத்துக் கொடுத்தார்கள்.

முதல் மாதம் எண்ணியபோது ஒன்று குறைந்தது. திரும்பவும் எண்ணினேன், அப்போதும் குறைந்தது. மங்கை கணவரைப் பார்த்தார். கணவர் பத்திரிகையைப் பார்த்தார். மருந்தா மாவா என்று நாக்கில் கண்டுபிடிக்கலாம் என நினைத்து அவர் ஒன்றை விழுங்கியிருக்கிறார். வங்கியில் கள்ளக் காசைத் தடவிப் பார்த்தே பிடிப்பவராம். நான் கோபப்படவில்லை. குறைந்ததற்குக் காரணம் எழுத இடமிருந்தது, அதில் என்ன எழுத என்று மட்டும் கேட்டேன்.

"நல்ல நித்திரை வந்தது எண்டு எழுதுங்கோ ஐயா. ஆனா எனக்கு எப்பவும் நல்ல நித்திரைதான்."

ஆமிக்கு ஒண்டு

ஒருநாள் பையோடு பஸ்ஸில் போனபோது தடையில் இறக்கினார்கள். பையைத் திறந்த சிப்பாய்க்கு முகம் மாறியது. போத்தல்களில் பெயர் இல்லை, மருந்துக் கடைச் சீட்டு இல்லை, வெறும் இலக்கம். ஒரு குளிசையைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே தூள். தமிழன், தூள், இலக்கம். இது போதுமே. சார்ஜன் வந்தார். என் சிங்களம் மூட்டை எண்ணப் பழகிய சிங்களம், அதில் ஓட்டிசத்துக்குச் சொல் இல்லை. பேசாத பிள்ளைகளுக்கு மரக்கறி மருந்து என்றேன். பாதியில் மரக்கறியும் இல்லை என்று உண்மையையும் சேர்த்துச் சொன்னேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

உண்மையான மருந்தென்றால் நீயே ஒன்றை விழுங்கு என்றார் சார்ஜன். எனக்கு விழுங்கப் பயமில்லை. ஏற்கெனவே பிரித்தது ஒன்று, இனி விழுங்குவது ஒன்று, புதுப் போத்தலில் இரண்டு குறைந்தால் நான் எப்படிக் கணக்குக் காட்டுவது என்று கெஞ்சினேன். நீட்டிய துவக்குகளுக்கு நடுவில் நின்று இதற்கு அழுத ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சிங்களத்தில் சொன்னார்.

"நீ ஒண்டை விழுங்கு. மற்றது ஆமிக்கு ஒண்டு எண்டு எழுது."

ஆண்கள் வரிசை

மாதம் ஒருநாள் பிள்ளைகளை டொக்டர் அம்மாவிடம் காட்ட வேண்டும். பிலோமினா தனியே வரப் பயந்ததால் நான் கொட்டாஞ்சேனைக்குப் போய்க் கூட்டி வருவேன். தடையில் அவளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. சிப்பாய் வாயைத் திறக்கும் முன்பே மகனின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "மகே புதா, கதா கரன்னே நே மாத்தையா" என்பாள். சிங்களத்தில் என் மகன், பேசமாட்டான் ஐயா என்று அர்த்தம். அழுகிற மாதிரி ஒரு ராகத்தோடு, வருஷக் கணக்காக, ஒரு எழுத்து மாறாமல் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

நாலாவது மாதம் ஒரு புதுச் சிப்பாய் அவளைப் பெண்களைச் சோதிக்கும் திரைக்குள் அனுப்பிவிட்டு, அன்டனைப் பார்த்து, இந்த உயரத்துக்குப் பெண்கள் வரிசையா என்று ஆண்கள் பக்கம் தள்ளினான். நான் அவனுக்குப் பின்னால் நின்றேன். பெயர் என்ன என்று கேட்டான் சிப்பாய். மறுபடி சத்தமாகக் கேட்டான். நான் பேச வேண்டிய நேரம். ஆனால் எனக்கு மூட்டை எண்ணும் சிங்களம்கூட வரவில்லை. சிப்பாய் அன்டனின் தோளில் கை வைத்தான். அவனுக்கு யாரும் தொட்டால் ஆகாது. ஓடப்போகிறான், ஓடினால் முடிந்தது என்று நினைத்தேன். அவன் ஓடவில்லை. சிப்பாயின் தொப்பியைப் பார்த்தபடி, தாயின் அதே அழுகை ராகத்தில், பதின்மூன்று வயதுக் கட்டைக் குரலில் சொன்னான்: "மகே புதா, கதா கரன்னே நே மாத்தையா."

சிப்பாய் கையை எடுத்துவிட்டான். என்னைப் பார்த்தான். நான் தலையை மட்டும் ஆட்டினேன், எதற்கு ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது. பிறகு அவன் பக்கத்தில் நின்ற கூட்டாளியிடம் சிங்களத்தில் சொன்னதை நான் மறக்கவில்லை.

"மகன் கதைக்க மாட்டானாம், தகப்பன் வந்து சொல்லுறார். விடு போகட்டும்."

பங்கு

திரையை விட்டு வந்த பிலோமினாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் அங்கேயே வீதி ஓரத்தில் குந்திவிட்டாள். பிறகு இன்னொருதரம் சொல்லு ராசா என்று வெள்ளவத்தை வரை கெஞ்சினாள். அவன் பஸ் கம்பியைப் பார்த்துக்கொண்டு வந்தான்.

டொக்டர் அம்மா பேனையை எடுத்தார். அன்டன் வாழ்க்கையில் பேசிய முதல் வசனம். அது முழுப் பொய் என்பது வேறு விஷயம். அவர் எழுதத் தொடங்க, பிலோமினா காத்திருக்கும் வாங்கில் உட்கார்ந்திருந்த மங்கையின் கையைப் பிடித்து, இதில் பாதிப் புண்ணியம் மங்கை அக்காவுக்கு என்றாள். எப்படி என்று கேட்டார் டொக்டர் அம்மா. இரண்டு பெண்களும் ஒளிக்காமல் சொன்னார்கள். முதல் மாதமே இந்த வாங்கில் சிநேகிதமாகியிருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை இரண்டு போத்தலும் பிலோமினாவோடு அந்தோனியார் கோயிலுக்குப் போகும். வெள்ளிக்கிழமை இரண்டும் மங்கையோடு பிள்ளையார் கோயிலுக்குப் போகும். பால்மா தட்டுப்பாட்டில் ஒரு பெட்டி கிடைத்தால் இரண்டாகப் பிரிப்பதுபோல, இரண்டு போத்தலையும் ஒரு பிஸ்கட் டின்னில் கொட்டிக் குலுக்கி, சரிபாதி எண்ணித் திரும்பப் போத்தலில் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு மாதமும்.

தகப்பன் விழுங்கிய அந்த ஒன்றைத் தவிர, அவர்கள் வீடுகளில் என் எண்ணிக்கை ஒருமுறைகூடப் பிழைக்காததன் காரணம் அதுதான். என்னைவிடக் கவனமாக எண்ணியிருக்கிறார்கள். டொக்டர் அம்மா இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பிள்ளைகளும் ஆராய்ச்சிக் கணக்கிலிருந்து வெளியே. போத்தலை நிறுத்திவிட வேண்டாம் என்று பிலோமினா கும்பிட்டாள். நிறுத்தமாட்டேன், ஆனால் ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார் அவர். மங்கைக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை.

"ஒரு பிள்ளைக்கு மருந்து, மற்றப் பிள்ளைக்கு மா எண்டால் எங்களுக்கு எப்பிடி மிஸ் சோறு இறங்கும்?"

உறை

ஆறு மாத ஆராய்ச்சி எல்லாம் முடிந்தபின் உறை திறக்கப்பட்டது. மொத்த முடிவு பெரிய இடத்தில் பெரியவர்கள் பார்க்க வேண்டியது, எனக்கு விளங்காது. டொக்டர் அம்மா இந்த இரண்டு பேரை மட்டும் கூப்பிட்டு, சொல்லலாமா விடலாமா என்று கொஞ்ச நேரம் மேசையைத் துடைத்தார். பிறகு சொன்னார். அன்டனின் போத்தல் மா. தாரணியின் போத்தலும் மா. அத்தனை நாளும் இரண்டு தாய்மாரும் மாவையும் மாவையும் குலுக்கி, நியாயமாகப் பங்கு போட்டிருக்கிறார்கள்.

மங்கை சிரிக்கத் தொடங்கி நிறுத்த முடியாமல் வெளியே போனார். பிலோமினா அழுவாள் என்று நான் கதவோரம் ஒதுங்கினேன். அவள் அழவில்லை. கைப்பையை மூடிக்கொண்டு எழும்பினாள்.

"மாவுக்கே ஒரு வசனம் பேசினானே மிஸ். நெசமான மருந்தைக் குடுத்திருந்தா பூசையில பிரசங்கமே வச்சிருப்பான்."

பெயர் மாற்றம்

அப்படிச் சொல்லிவிட்டுப் போனாலும் பிலோமினாவின் பயம் அப்படியேதான் இருந்தது. அன்றைய சிப்பாய் நல்லவன், ஆனால் தடையில் ஆட்களை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். அடுத்தவன் சிரிப்பானா தெரியாது. மகன் எங்கே, யாருடைய வசனத்தை, எந்த ராகத்தில் பேசினான் என்று அவள் யோசித்திருக்கிறாள். கொஞ்ச நாள் கழித்து அவர்களோடு பஸ்ஸில் போனேன். தடை வந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அதே அழுகை ராகத்தில், "மகே நம அன்டன் மாத்தையா" என்றாள். என் பெயர் அன்டன் ஐயா. சிப்பாய் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தான். அதில் பிலோமினா. அவளைப் பார்த்தான். அவள் திரும்பவும் அதையே சொன்னாள். பைத்தியம் என்று நினைத்தானோ என்னவோ, விட்டுவிட்டான்.

மாதக் கணக்காக எல்லாத் தடையிலும் இதுதான். சில இடங்களில் திட்டு வாங்கினாள், ஒரு இடத்தில் அரை மணித்தியாலம் நிறுத்தி வைத்தார்கள். வசனத்தை மாற்றவில்லை. கடைசியாக நான் கூடப்போன அன்று வழக்கம்போல அவள் முதலில் தன் பெயர் அன்டன் என்று சொல்லி, வழக்கம்போல முறைப்பு வாங்கினாள். சிப்பாய் மகன் பக்கம் திரும்பி, உன் பெயர் என்ன என்றான். அன்டன் தூரத்தில் எதையோ பார்த்தபடி, "மகே நம அன்டன் மாத்தையா" என்றான்.

பிலோமினா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிப்பாய்க்குத்தான் சந்தேகம் பிடித்துவிட்டது. வயதானவன், இவர்களோடு வந்தவன் என்று என்னைக் கிட்டக் கூப்பிட்டு, அட்டையை என் முகத்துக்கு நேரே பிடித்துக் கேட்டான்.

"ரெண்டு பேரும் அன்டன் எண்டுறாங்கள். இதில சரியான அன்டன் யார்?"

அரை வருஷம் எண்ணியும் எது மருந்து, எது மா என்று கண்டுபிடிக்க முடியாத நான், கை நீட்டித் தயங்காமல் பதில் சொன்ன ஒரே கேள்வி அதுதான்.