வலது ஓரம் படிக்கும் பானுமதி

வரிகளின் கடைசிச் சொற்களை மட்டும்தான் படிக்கிறார் பானுமதி. கல்யாணப் பத்திரிகையின் மாதிரித் தாளை மேசையில் விரித்து, ஆள்காட்டி விரலை அதன் வலது ஓரத்தில் மேலிருந்து கீழாக இறக்குகிறார். மணமகன் யார், முகூர்த்தம் எத்தனை மணிக்கு என்பதெல்லாம் அவருக்கு அப்புறம். எந்த வரி எந்தச் சொல்லில் முடிகிறது, அடுத்த வரிக்கு எது போயிருக்கிறது என்பதுதான் முதலில். விரல் எங்காவது நின்றால் வாயிலிருந்து ஒரு ‘ப்ச்’ வரும். உடனே நாற்காலியைத் திருப்பிக்கொண்டு கம்ப்யூட்டருக்குப் போய்விடுவார்.

காரிமங்கலம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, மருந்துக்கடைக்கும் செருப்புக்கடைக்கும் நடுவில் இருக்கிறது அவருடைய அச்சகம். முன்னறையில் பானுமதியும் கம்ப்யூட்டரும். பின்னறையில் கணவர் குமாரும் ஆப்செட் இயந்திரமும். “அந்தச் சத்தத்துல பேசுனா கேக்காதுன்னு இவரு பேசறதயே வுட்டுட்டாருங்க” என்பார் பானுமதி. குமார் அதற்கும் பதில் சொல்ல மாட்டார். பானுமதிக்கு நாற்பது வயது நெருங்குகிறது. தர்மபுரியில் பி.சி.ஏ. படித்து, ஓசூரில் ஒரு கம்பெனியில் இரண்டு வருஷம் புரோகிராம் எழுதியவர். கல்யாணமாகி இங்கே வந்ததில் அந்த வேலை போயிற்று. பழக்கம் போகவில்லை.

நம் பக்கத்துப் பத்திரிகைகளில் சாமிக்கும் மணமக்களுக்கும் சேர்த்து ஏழெட்டு வரிதான். மீதி இடமெல்லாம் சொந்தக்காரர்களுக்கு. நூற்றைம்பது பெயர்கள் வாட்ஸ்அப்பில் வந்து விழும். அச்சுக்குப் போவதற்குள் பட்டியல் பத்துத் தடவை மாறும். விட்டுப்போன ஒரு சித்தப்பாவை நடுவில் நுழைத்தால் அதற்குக் கீழே உள்ள வரிகள் அத்தனையும் நகரும். கையால் அடுக்கி அடுக்கி அலுத்துப்போய், பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் ஒரு புரோகிராம் எழுதிவிட்டார் பானுமதி. பட்டியலை அப்படியே ஒட்டினால் போதும். தேவையில்லாத இடைவெளிகளை நீக்கும், இனிஷியலுக்குப் பின்னால் விட்டுப்போன புள்ளியை வைக்கும், இரண்டு தடவை வந்த மாமாவை ஒருவராக்கும். பிறகு அட்டையின் அகலத்துக்கு ஏற்ப வரி வரியாக மடித்துக் கொடுக்கும்.

சொன்னால் சுலபமாகத்தான் இருக்கிறது. தமிழில் அது அவரை ஒரு மாதம் படுத்தி எடுத்திருக்கிறது. “ராஜப்பன்னு எழுதுனா நமக்கு அஞ்சு எழுத்துங்க. அதுக்கு எட்டு. காலு, புள்ளி எல்லாத்தயும் தனித்தனியா எண்ணி, வரி ரொம்பிடுச்சுன்னு பாதியிலயே முடிச்சுடும். எண்ணாத, அளந்து பாருன்னு சொல்லிக் குடுத்தேன்” என்றார், கணக்கு வராத பிள்ளையைப் பற்றி டியூஷன் டீச்சர் சொல்வதுபோல.

அந்தப் புரோகிராமை ஒருநாள் எனக்குத் திறந்து காட்டினார். ஒரு எழவும் புரியவில்லை. ஆனால் அங்கங்கே மனிதர்களின் பெயர்கள் இருந்தன. கம்ப்யூட்டர் படிக்காமல் தாண்டிப் போகிற குறிப்புகளாம் அவை. ஒவ்வொரு விதிக்கும் மேலே, அந்த விதி வரக் காரணமாக இருந்து, கடைக்கு வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனவரின் பெயரை எழுதி வைத்திருக்கிறார்.

‘சின்னராஜ்’ என்றால், கடைசி வரியில் ஒற்றைப் பெயர் தனியாக நிற்கக் கூடாது. “எம்பேர மட்டும் ஒத்தையில நிக்க வெச்சிட்டீங்களேங்க, ஊரே சேந்து ஒதுக்கி வெச்ச மாதிரி இருக்குது” என்று அரைநாள் வாசலில் நின்றாராம் அவர். ‘செல்லி’ என்றால் ஊர்ப்பெயரை நடுவில் உடைக்கக் கூடாது. பாப்பிரெட்டிப்பட்டியின் வால் அடுத்த வரிக்குப் போனதில் செல்லிக்கு வந்த கோபம் அது. ‘சவுரியப்பன்’ தன் மகள் கல்யாணத்துக்காக மாதா கோயிலிலிருந்து நேராக வந்தவர். ‘அருட்தந்தை’ மேல் வரியிலும் சாமியாரின் பெயர் கீழ் வரியிலும் விழுந்திருந்தன. “சாமியார ரெண்டாப் பொளந்துட்டியேம்மா” என்றாராம்.

இவற்றுக்கெல்லாம் பானுமதி கண்ட மருந்து ‘கெட்டி ஸ்பேஸ்’. பார்க்கச் சாதாரண இடைவெளிதான். ஆனால் அந்த இடத்தில் வரி உடையாது. அதன் இரண்டு பக்கமும் இருக்கிற சொற்கள் போனால் சேர்ந்து போகும், நின்றால் சேர்ந்து நிற்கும். புருஷன் பெஞ்சாதி பெயர்களுக்கு நடுவிலும் அதையே வைக்கிறார்.

எல்லா விதிகளுக்கும் மேலே, முதல் விதியாக இருக்கும் பெயர் ராஜப்பன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், புரோகிராம் புதிதாக இருந்த காலம். அமுதவல்லி என்பவருடைய மகனுக்குக் கல்யாணம். அமுதவல்லியின் அண்ணன் ராஜப்பன், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்து விவசாயி, மாப்பிள்ளைக்குத் தாய்மாமன். பட்டியலில் அவர் பெயருக்கு அடுத்து வந்தது, காலமாகிவிட்ட பங்காளி மாதுவின் பெயர். அதற்கு முன்னால் வழக்கப்படி ‘தெய்வத்திரு’. புரோகிராம் அகலத்தை அளந்தது, இடைவெளி கிடைத்த இடத்தில் மடித்தது. ஒரு வரி ‘தாய்மாமன் ராஜப்பன், தெய்வத்திரு’ என்று முடிந்தது. அடுத்த வரி ‘மாது குடும்பத்தார்’ என்று ஆரம்பித்தது. நடுவில் காற்புள்ளி இருக்கத்தான் செய்தது. சிவப்பு அட்டையில் தங்க மையில் காற்புள்ளியை யார் பார்க்கிறார்கள்? செத்தவர் எழுந்து வந்துவிட்டார், வயலில் களை பார்த்துக்கொண்டிருந்தவர் போய்விட்டார். இரண்டு பேர் ராஜப்பன் வீட்டுக்குத் துக்கம் கேட்கவே வந்துவிட்டார்களாம்.

ராஜப்பன் கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்றார். தாய்மாமன் இல்லாமல் எப்படி மாலை எடுப்பது என்று அமுதவல்லி கடையில் உட்கார்ந்து அழுதார். ‘தெய்வத்திரு’வை அதற்குரிய பெயரிலிருந்து பிரிக்கக் கூடாது என்று விதி எழுதி, பானுமதி அத்தனை பத்திரிகையையும் திருத்தி மறுபடி அடித்தார். அதோடு விடவில்லை. ஒரு பத்திரிகை, வெற்றிலை பாக்கு, பழத்தை எடுத்துக்கொண்டு, தர்மபுரிக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ் என்று அவர் வீட்டுக்கே போனார்.

“செத்தவனுக்கு யாராச்சும் பத்திரிக்கை வெப்பாங்களா? எடுத்துக்கினு போம்மா” என்றாராம் ராஜப்பன், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

பானுமதி பையிலிருந்து பேனாவை எடுத்து, உறையின் மேல் ‘திரு. ராஜப்பன் அவர்கள்’ என்று அவர் கண்முன்னால் எழுதி, இரண்டு கைகளாலும் நீட்டினார். ராஜப்பன் உள்ளே பிரித்துப் படிக்கவே இல்லை. உறையை மட்டும் இரண்டு தடவை படித்தார்.

“திரு மட்டுந்தானே போட்டுருக்கற? முன்னால வேற ஒண்ணும் இல்லியே?”

“ஒண்ணும் இல்லீங்க ஐயா.”

கல்யாணத்தில் மாலையை அவர்தான் எடுத்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு அவர் சொந்தத்தில் எந்தப் பத்திரிகையும் வேறு அச்சகத்துக்குப் போனதில்லை. கூடவே வந்து, மாதிரித் தாள் வந்ததும், “நான் உசுரோட இருக்கறனான்னு பாரும்மா” என்பார். பானுமதி வலது ஓரத்தில் விரலை இறக்கிக் காட்டுவார். இரண்டு பேரும் சிரிப்பார்கள். இந்தக் கூத்தை நானே மூன்று முறை பார்த்திருக்கிறேன். ஊரில் எனக்குப் பிடித்த காட்சிகளில் அதுவும் ஒன்று.

போன புதன்கிழமை காலை நான் கடையில் இருந்தபோது ராஜப்பனின் மகன் கருப்பண்ணன் மட்டும் தனியாக வந்தார். அவர் மகளுக்குக் கல்யாணம், இன்னும் இருபத்திரண்டு நாள் இருக்கிறது. ராஜப்பன் பன்னிரண்டு நாளாகச் சேலத்தில் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். டாக்டர்கள் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. கருப்பண்ணன் சவரம் செய்து பல நாள் ஆகியிருந்தது.

பட்டியலை அனுப்பினார். பிறகு என்னைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார், குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“ரெண்டு மாதிரியும் அடிச்சு வெச்சிடுங்க. அப்பா பேருக்கு முன்னால போட்டு ஒண்ணு, போடாம ஒண்ணு. எதுக்கும் இருக்கட்டும். கடைசி நேரத்துல நான் எங்கன்னு ஓடுவேன்?”

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு பக்கம் ஆஸ்பத்திரி, ஒரு பக்கம் கல்யாணம் என்று அல்லாடுகிற மனிதர் வேறு எப்படி யோசிப்பார்? பானுமதியின் புரோகிராமுக்கோ அது ஒற்றைச் சொல்தான். சேர்த்தால் சேரும், எடுத்தால் போகும், வரிகள் தாமே மடிந்துகொள்ளும்.

பானுமதி கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினார்.

“நெனவு இருக்குதுங்களாண்ணா?”

“இருக்குதுங்க. ஆளு தெரியுது. பேச்சுதான் வரமாட்டேங்குது.”

“ஒரு மாதிரிதான் அடிப்பேங்க. இன்னொண்ணு வேணும்னா அன்னிக்கு வாங்க. அரை நாளுல கையில குடுத்துடறேன். இன்னிக்கு அத அடிக்க மாட்டேன்.”

கருப்பண்ணன் தலையை மட்டும் ஆட்டினார். மாதிரித் தாள் வந்தது. விரல் வலது ஓரத்தில் இறங்கியது. தாத்தா பாட்டி வரியில் ‘ராஜப்பன் தீர்த்தம்மாள்’ என்று இரண்டு பெயர்களும் ஒன்றாக இருந்தன. விரல் அங்கே நின்றது. ‘ப்ச்’ வரவில்லை. தாள் பின்னறைக்குப் போயிற்று.

மத்தியானத்துக்குள் குமார் முதல் பத்திரிகையை எடுத்துவந்து மேசையில் வைத்தார். பானுமதி மை காயும்வரை காத்திருந்து, அதை உறையில் போட்டார். டப்பாவிலிருந்து பேனாவை எடுத்தார்.

“நீங்க இப்ப ஆஸ்பத்திரிக்குத்தானே போறீங்க? இத அவரு கையில குடுங்க.”

“அவரு பேத்தி கல்யாணம். அவருக்கே பத்திரிக்கையாங்க?” என்றார் கருப்பண்ணன்.

பானுமதி உறையின் மேல் ‘திரு. ராஜப்பன் அவர்கள்’ என்று பெரிதாக, நிறுத்தி எழுதினார். ஊதி உலர்த்தினார். பிறகு ‘திரு’வுக்கு முன்னால் இருந்த வெற்றிடத்தில் விரலை வைத்துக் கருப்பண்ணனுக்குக் காட்டி, “இந்த எடத்தக் காட்டிட்டுக் குடுங்க” என்று சொல்லி, இரண்டு கைகளாலும் உறையை நீட்டினார்.