துண்டுத்தாளில் விட்ட வெற்றிடம்

அச்சகத்தில் அவளுக்கு ‘இண்டு இடுக்கு’ என்று பெயர். பக்கத்தில் விரற்கடை இடம் காலியாக இருந்தாலும் கை பரபரக்கும். ஒரு பூவோ கட்டமோ அங்கே போய் உட்கார்ந்துவிடும். பதினோரு ஆண்டுகளாகக் கணினி முன் அமர்ந்து அழைப்பிதழ், விளம்பரத்தாள், விலைப்பட்டியல் என்று அடைத்துத் தள்ளியிருந்தாள். தாள் நிறைந்திருந்தால் வாடிக்கையாளர்களுக்கும் மனம் நிறைந்தது.

கண் மருத்துவமனை ஒன்றுக்குச் செய்துகொடுத்த துண்டுத்தாளும் அப்படித்தான். அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போகிறவர்களுக்கு இருபத்திரண்டு வரிகள், ஒரே அளவு எழுத்தில், நான்கு நிறங்களில், சுற்றிலும் பூங்கொடியோடு.

அது தன் அண்ணன் கைக்கே போகும் என்று அவள் நினைத்ததில்லை. கண்புரை நீக்கிய மூன்றாம் நாள் அவருக்குக் கண் சிவந்து வலித்தது. இப்படித்தான் இருக்கும்போல என்று பகல் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். வலித்தால் உடனே வர வேண்டும் என்பது பதினேழாவது வரி. ஓரத்தில், வெளிர் ஊதாவில். மாலையில் அண்ணிதான் விரல் வைத்து வரிவரியாகப் படித்து அதைக் கண்டுபிடித்தார். அவரை மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு ஓடினார். கிருமி தொற்றியிருந்தது. விடியும்வரை விட்டிருந்தால் பார்வை போயிருக்கும் என்றார் மருத்துவர். கண் பிழைத்தது.

பார்க்கப் போனபோது மேசைமேல் அந்தத் தாளைக் கண்டாள். எடுத்து அண்ணியிடம் நீட்டினாள்.

“அண்ணி, இது நான் பண்ணினது.”

அண்ணி தாளையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டார்.

“உக்காரு. நான் எங்கெங்க தடுமாறினேன்னு காட்டுறேன். பாரு, எல்லா வரியும் ஒரே மாதிரி கத்துது. நான் யார் பேச்சைக் கேக்குறது?”

கட்டுப் போட்டுப் படுத்திருந்த அண்ணன் சொன்னார்: “கொடி மட்டும் நல்லாத் தெரிஞ்சுதும்மா. ஒத்தக் கண்ணுலயே.”

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

மறுநாளே மருத்துவமனையில் பேசி, தாளைப் புதிதாகச் செய்ய அனுமதி வாங்கினாள். ‘வலித்தால் உடனே வாருங்கள்’ என்பதை உச்சியில் பெரிதாக வைத்து, சுற்றிலும் இடம் விட்டாள். சொட்டு மருந்துகளைக் காலை, மதியம், இரவு என்று மூன்று பகுதியாகப் பிரித்தாள். எல்லா வரிகளையும் இடது பக்கம் ஒரே கோட்டில் நிறுத்தினாள். இருபத்திரண்டு பதினொன்றாயிற்று. ஒவ்வொரு முறையும் அச்செடுத்து அண்ணியிடம் கொண்டுபோனாள். அவர் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, கையை நீட்டிப் பிடித்துப் படித்தார். ஐந்தாவது தாளில்தான் தலையாட்டினார்.

அச்சக முதலாளி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “என்னம்மா, பாதி சும்மா கிடக்கு?”

“சும்மா இல்லைங்க. அந்த இடம்தான் மத்ததைப் படிக்க வைக்குது.”

“நீயா பேசுற?” என்று கேட்டுவிட்டுப் போனார். அச்சுக்கு மட்டும் தடை சொல்லவில்லை.

இரண்டு மாதம் கழித்துத் தலைமைச் செவிலியர் அழைத்தார். வலி தொடங்கிய அரை மணி நேரத்தில் ஒருவர் தாளும் கையுமாக வந்து நின்றாராம். போனை வைத்ததும் அவள் நேராக அண்ணியிடம் போனாள்.

“அன்னைக்கு நீங்க திட்டியிருந்தா அழுதுட்டுப் போயிருப்பேன் அண்ணி. பக்கத்துல உக்கார வெச்சீங்களே. அதை நான் மறக்கவே மாட்டேன்.”

“திட்டணும்னுதான் இருந்தேன். இவர் கண்ணு தப்பின சந்தோஷத்துல விட்டுப்போச்சு” என்றார் அண்ணி. “அது கிடக்கட்டும், எங்க ஆபீஸ்ல லீவ் பாரம் ஒண்ணு இருக்கு. எங்க கையெழுத்துப் போடுறதுன்னே யாருக்கும் தெரியல. அதையும் கொஞ்சம் பாரேன்.”