சாயம் என்று நானே சொன்னேன்

முதல் அழுகை ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்தது. என் மகளுக்கு அப்போது ஏழு மாதம். மண்ணரைப் பகுதியில், வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம். நான் கதவருகே உட்கார்ந்து, கம்பெனியிலிருந்து வந்த பனியன்களில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறு நூலை வெட்டிக்கொண்டிருந்தேன். பாயில் விளையாடிக்கொண்டிருந்தவள் திடீரென்று முழங்காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு வீறிட்டாள். முகம் வெளுத்துவிட்டது. இரண்டு நிமிடம்தான், அடங்கிவிட்டாள். கால் மணி நேரம் கழித்து மறுபடியும் அதே வீறிடல்.

பசி அழுகை, தூக்க அழுகை, எறும்பு கடித்த அழுகை எல்லாம் எனக்குத் தெரியும். இது வேறு. அதைவிட என்னைப் பயமுறுத்தியது நடுவில் வந்த அமைதிதான். வாடின கீரை மாதிரி துவண்டு கிடந்தாள். பேர் சொல்லிக் கூப்பிட்டால் கண்ணைத் திருப்பவில்லை.

பக்கத்து வீட்டு அக்கா தென்காசிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். "ஏட்டி, அழாத. பிள்ளைக்கு உரம் விழுந்திருக்கு, தூக்கையில சுளுக்கியிருக்கும். எடுத்துவிட்டா சரியாப் போவும்" என்று குழந்தையைச் சேலையில் கிடத்தி, இரண்டு பக்கமும் பிடித்து உருட்டினார். நல்ல மனசோடுதான் செய்தார். அந்த நிலைமையில் செய்யக் கூடாத காரியம் அது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

சாயங்காலம் ஒரு டாக்டரிடம் போனோம்.

"முதல் குழந்தையா?" என்றார்.

"ஆமாங்க."

"அதான்" என்று சிரித்தார். நான் பாதி சொல்வதற்குள் மருந்துச் சீட்டு எழுதி முடித்துவிட்டார். வயிற்றில் காற்றாம், சொட்டு மருந்தாம். என் வீட்டுக்காரருக்கு நிம்மதி. "படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். நீ சும்மா கெடந்து கொழப்பிக்காத" என்றார். குழப்பிக்கொள்ளாமல் இருக்க நான் என்ன மரக்கட்டையா?

புதன்கிழமை காலையில் பச்சையாக வாந்தி எடுத்தாள். அதன்பின் நடந்ததைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊரில் குழந்தைக்குத் துணி கட்டக் கடைக்குப் போவதில்லை. பனியன் கம்பெனி வெட்டுத்துணிதான், பூப்போல இருக்கும். என் வீட்டுக்காரர் சாயப்பட்டறையில் வேலை பார்த்தார். அவர் கொண்டுவந்திருந்த கட்டு முழுக்கச் சிவப்பு. அன்றைக்கு அவள் வெளிக்குப் போன துணியை அலசியபோது தண்ணீர் சிவப்பாக ஓடியது. சாயம் போகிறது என்று நினைத்தேன். புதுசில் அந்தத் துணி அப்படித்தான் சாயம் விட்டது. இரண்டாவது துணியையும் அலசிக் கொடியில் போட்டேன்.

இரண்டாவதாக ஒரு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன், எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. "மலம் எப்படிப் போகுது?" என்று அவர் கேட்டாரே, அதை மறைக்க மாட்டேன். நான் சொன்ன பதில் இதுதான்: "துணியில சாயம் போகுதுங்க. அதனால நெறம் சரியாத் தெரியலீங்க."

"சாயத் துணியை எதுக்கும்மா குழந்தைக்குக் கட்டறீங்க?" என்று திட்டிவிட்டு, வயிற்றுப்போக்குக்கு மருந்து கொடுத்து அனுப்பினார். கேட்க வேண்டிய ஒரு கேள்வியை அவர் கேட்டார், நான் கெடுத்தேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த என் வீட்டுக்காரர் வாசலில் கிடந்த மூன்றாவது துணியைப் பார்த்தார். எடுத்து விரலில் தேய்த்தார், மோந்து பார்த்தார். நகக்கண்ணெல்லாம் சாயம் ஏறிய கை அது.

"இது எத்தனை மாசத் துணி?"

"பொறந்ததுல இருந்து கட்டறதுதானுங்க."

"அத்தனை மாசம் அலசின துணியில இனிப் போறதுக்குச் சாயம் ஏது? சாயம் இப்படி வழவழன்னும் இருக்காது. இது ரத்தம் புள்ள."

சொல்லிவிட்டு மனிதர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நேற்று என்னை அடக்கியவர்தான். இப்போது அவரை நான் எழுப்பிக் கூட்டிப்போக வேண்டியிருந்தது.

பட்டறையில் யாரோ சொல்லியிருந்த ஒரு பெண் டாக்டரிடம் போனோம். வரிசையைத் தாண்டி உள்ளே நுழைந்து மேசைமேல் அந்தத் துணியை விரித்தேன். அவர் முகம் சுளிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்தார்.

"நேத்துல இருந்து ஒவ்வொண்ணாச் சொல்லுங்கம்மா. ஒண்ணும் விடாதீங்க."

சொன்னேன். நடுவில் ஒரு தடவைகூட அவர் குறுக்கிடவில்லை. குழந்தை அப்போது சத்தமில்லாமல் கிடந்தாள். "இப்பப் பாத்தா ஒண்ணுமில்லாத மாதிரி இருக்குதுங்க" என்று பயந்துகொண்டே சொன்னேன். எங்கே இவரும் சிரித்துவிடுவாரோ என்று இருந்தது.

"இருங்க. அடுத்த அழுகை வரட்டும்" என்றார்.

வெளியே அத்தனை கூட்டம். அந்த டாக்டர் அம்மா அசையாமல் உட்கார்ந்திருந்தார். அழுகை வந்தது. அடங்கியதும் குழந்தையின் வயிற்றை மெல்லத் தடவினார். வலது பக்கத்தில் விரல் நின்றது. கையுறை போட்டுச் சுண்டுவிரலால் ஆசனவாயைச் சோதித்தார். விரலில் ரத்தமும் சளியும் வந்தன.

"குடல் செருகல் (குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் நுழைந்துகொள்வது). பனியன் கையை உள்ளே இழுத்துவிட்ட மாதிரி. ரத்த ஓட்டம் நின்னுடும். இப்பவே கோயமுத்தூர் போகணும்."

"சாயம்னு சொன்னது நாந்தானுங்க" என்று அழுதேன்.

"அப்புறம் அழலாம். கார் வரச் சொல்லியிருக்கேன், கிளம்புங்க" என்றார். கடிதமும் கொடுத்து, அங்கே போனிலும் சொல்லிவிட்டார்.

அந்தக் காரில் நான் சாமியைக் கும்பிடவில்லை. குழந்தையின் மூக்கருகே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே போனேன். வழியில் அவிநாசி வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை.

அறுவை சிகிச்சை நடந்தது. குடலை வெட்டாமல் கையாலேயே பிதுக்கிப் பிரித்துவிட்டார்கள். இன்னும் தாமதித்திருந்தால் குடல் அழுகியிருக்கும் என்றார் அறுவை மருத்துவர். அப்போதும் பயம் தீரவில்லை. காற்றுப் பிரியும்வரை (குடல் மறுபடி வேலை செய்யத் தொடங்கியதற்கு அதுதான் அடையாளம்) பால் கொடுக்கக் கூடாது. எனக்கு மார்பு கல்லாகக் கட்டிக்கொண்டது. பசித்து அழும் பிள்ளை கட்டிலில் கிடக்க, நான் கழுவும் தொட்டியில் பாலைப் பீய்ச்சிவிட்டு நின்றேன். மூன்றாம் நாள் காலையில் காற்றுப் பிரிந்தது. ஒரு குசுவுக்காக ஒரு வார்டே சிரித்தது. என் வீட்டுக்காரர் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

இதே பயத்தோடு இதைப் படிக்கிறவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். டாக்டரிடம் கண்ணால் பார்த்ததைச் சொல்லுங்கள், காரணத்தை நீங்களே சொல்லிவிடாதீர்கள். துணியை அலசாமல் கொண்டுபோங்கள். மூன்றாவது டாக்டரிடம் போக வெட்கப்படாதீர்கள்.

மகளுக்கு இப்போது ஒன்பது வயது. வயிற்றுத் தழும்பும் அவளோடு சேர்ந்து நீண்டுவிட்டது. போன வாரம் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் வயிறு வலிக்கிறது என்று படுத்துக்கொண்டாள். கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து அவள் வயிற்றில் கையை வைத்தேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள்.

"பொய்ங்கம்மா. இன்னைக்குக் கணக்குப் பரிச்சை."

"தெரியும் கண்ணு" என்றேன். கையை எடுக்கத்தான் முடியவில்லை.