பச்சைமலையில் முள் போட்டு அடைத்த வழி

யுத்தம் முடிந்த வருஷம் பெரம்பலூர்ப் பக்கம் அம்மை குத்தும் உத்தியோகத்தில் இருந்தேன். பச்சைமலைக் காட்டுக்குள் எட்டே வீடுகள் உள்ள ஊருக்கு ஏறினேன். வழியை முள்ளால் அடைத்திருந்தார்கள். அம்மை குத்திக்கொள்ளப் பயந்து ஊரார் செய்த வேலை என்று நினைத்து, விலக்கிவிட்டு நுழைந்தேன்.

நல்ல தாகம். முதல் வீட்டு வாசல் பானையில் குவளையால் தண்ணீர் மொண்டு வாயருகே கொண்டுபோனேன். எங்கிருந்தோ வந்த கல் குவளையைத் தட்டிவிட்டது.

"குடிக்காதீங்கய்யா! வாந்திபேதியில நாலு பேரு போயிட்டாங்க. யாரும் வந்துடக் கூடாதுன்னுதான் முள்ளு போட்டோம்!"

எதிர் வீட்டுப் படியில் துவண்டு கிடந்த பெண்தான் கல்லை எறிந்துவிட்டுக் கத்தினாள்.

ஓடி இறங்கி, மறுநாள் டாக்டரோடு ஏறினேன். மற்றவர்கள் பிழைத்தார்கள். அவள் விடியுமுன்பே இறந்திருந்தாள்.

இப்போதெல்லாம் வழி அடைத்திருந்தால் வெளியே நின்று குரல் கொடுக்கிறேன். பதில் வராமல் காலெடுத்து வைப்பதில்லை.