மட்டை ஒருவருக்கு, தட்டு ஒருவருக்கு

டொறீன் அக்கா மாத்தளையில் பள்ளிச் சீருடை தைப்பவர். இரத்தோட்டைப் பக்கத் தோட்டமொன்றில் பிறந்து, கல்யாணமாகி டவுனுக்கு வந்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் பாடகர் குழுவில் பாடுவார். மற்ற நாட்களில் அவருடைய தையல் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு பழைய ரெக்கோட் பிளேயர் சுற்றிக்கொண்டிருக்கும். அமெரிக்கக் கறுப்பினத்தவரின் புளூஸ், சோல் இசைதான் அதில் ஓடும். நான் அதே வீட்டின் மேல்மாடியில் குடியிருக்கிறேன். அந்தப் பாட்டுகள் எனக்குத் தரை வழியாகத்தான் அறிமுகமாயின.

"இவங்க தொண்டைய மறைக்கிறதே இல்ல பாரு. அழுகை வந்தா அழுகையோடயே பாடுறாங்க" என்பார்.

பியானோவைத் தானே வாசித்துப் பாடும் ஒரு புளூஸ் பாடகியின் இசைத்தட்டைப் பல வருடங்களாகத் தேடிக்கொண்டிருந்தார். போனில் கேட்கலாமே என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "போன்ல கேட்டா குரலைச் சவர்க்காரம் போட்டுக் கழுவின மாதிரி இருக்கு" என்றார்.

போன சனிக்கிழமை, பழைய சாமான் கடை ஹாஷிம் நானா அழைத்தார். ஒரு தோட்டத் துரையின் பங்களாவைக் காலி செய்ததில் ஒரு பெட்டி ரெக்கோட் வந்திருக்கிறதாம். அதில் ஒரு தட்டின் உறை மட்டையில் அந்தப் பாடகியின் படம். டொறீன் அக்கா ஊசியைத் துணியிலேயே விட்டுவிட்டு எழுந்தார். நானும் கூட ஓடினேன்.

நாங்கள் போனபோது பெட்டி ஒரு வேனில் ஏறிக்கொண்டிருந்தது. புதிதாகக் கெஸ்ட் ஹவுஸ் திறக்கப்போகும் ரொமேஷ் என்பவர் முழுவதையும் வாங்கிவிட்டிருந்தார்.

"என்னைக் கூப்பிட்டுட்டு இவருக்குக் குடுக்குறீங்களா நானா?"

"நான் என்ன செய்ய தங்கச்சி? நீங்க செருப்பு மாட்டுறதுக்குள்ள தம்பி வேனோட வந்துட்டாரு."

ரொமேஷ் சிரித்தார். "சுவர்ல மாட்டத்தான் அக்கா. எனக்கு மட்டைதான் வேணும். உள்ள இருக்கிற தட்டையெல்லாம் நீங்களே எடுத்துக்கங்க, பாரம் குறையும்."

டொறீன் அக்கா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் அழுந்தியது. அந்த மட்டையைத் தேடியெடுத்து, தட்டை மெதுவாக வெளியே இழுத்தார். உள்ளே இருந்தது நத்தார் கீதங்கள், வெறும் கிறிஸ்மஸ் பாட்டுகள்.

"பார்ட்டி நடந்த வீடு. தண்ணியப் போட்டா எது எதுக்குள்ள போகும்னு யாருக்குத் தெரியும்?" என்றார் ஹாஷிம் நானா.

அப்படியென்றால் அந்தத் தட்டு வேறேதோ மட்டைக்குள் இருக்க வேண்டும். இல்லையென்றால் பங்களாவிலேயே உடைந்து போயிருக்க வேண்டும். பெட்டியைக் கீழே இறக்கிப் பிரிக்க ஆரம்பித்தோம். வால்ட்ஸ் மட்டைக்குள் பைலா. பைலா மட்டைக்குள் சோல். "இதுவும் நல்லதுதான், இதை வை, இதையும் வை" என்று டொறீன் அக்கா என் மடியில் அடுக்கினாலும் அவர் கண்கள் அடுத்த மட்டையில்தான் இருந்தன. முதலில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ரொமேஷ், பிறகு தானும் தரையில் குந்திவிட்டார்.

பெட்டியின் அடி தெரியத் தொடங்கியது. பிரெஞ்சு மொழி கற்பிக்கும் தட்டு ஒன்றின் மட்டையை ரொமேஷ்தான் பிரித்தார்.

"அக்கா, இந்தப் பேரா பாருங்க."

டொறீன் அக்கா தட்டை வாங்கி வாசல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். மெல்லிய கீறல்கள்தான், ஆழமான வெட்டு எதுவும் இல்லை. ஹாஷிம் நானா கடையிலிருந்த பிளேயருக்கு மின்சாரம் கொடுத்து, ஊசி துள்ளாமலிருக்க அதன் தலையில் ஒரு நாணயக் குற்றியை வைத்தார்.

முதலில் எண்ணெயில் கடுகு வெடிப்பது போல ஒரு சத்தம். பிறகு பியானோ. பிறகு அந்தக் குரல், கழுவாத குரல். டொறீன் அக்காவின் உதடுகள் ஒவ்வொரு வரிக்கும் சத்தமில்லாமல் அசைந்தன. கால் மட்டும், மெஷின் மிதிக்கும் கால், தரையில் தாளம் போட்டது.

பக்கம் முடிந்தது. வேன் பக்கம் யாரும் போகவில்லை.

"மத்தப் பக்கத்தையும் போடுங்களேன் அக்கா" என்றார் ரொமேஷ்.

அவர் சொல்லும்போதே டொறீன் அக்காவின் கையில் தட்டு திரும்பிவிட்டிருந்தது.