ஜெனோவேவாவின் கூடை

எங்கள் கொலாரிஷ் பள்ளத்தாக்கில் திராட்சைக்குக் குழி தோண்டும் இடத்திலெல்லாம் ஜெனோவேவா வந்து நின்றுவிடுவாள். யாரும் அழைத்திருக்கமாட்டார்கள். கையில் நாணல் கூடைகள் இருக்கும். கடலோரத்து மணல் இது. இரண்டு ஆள் ஆழம் போனால்தான் களிமண் தட்டும், கொடி அங்கேதான் வேர் பிடிக்கும். மணல் சரிந்தால் உள்ளே இருப்பவன் பாடு அவ்வளவுதான். அதனால் குழியில் இறங்குகிறவன் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொள்ள வேண்டும். மணல் மூடினாலும் கூடைக்குள் கொஞ்சம் மூச்சு மிஞ்சும்.

ஜெனோவேவாவுக்கு ஏழு வயதாக இருக்கும்போது அவள் அப்பா இப்படித்தான் ஒரு குழியில் இறங்கப் போனார். காற்று மணலை வாரி அவள் கண்ணில் அடித்தது. வீறிட்டு அழுதாள். அவர் தன் கூடையைக் கழற்றி அவள் தலையில் கவிழ்த்துவிட்டு வெறுந்தலையோடு இறங்கினார். உயிரோடு ஏறி வரவில்லை. அன்றிலிருந்து ஊரார் தலைக்கெல்லாம் கூடை முடைகிறாள்; தன் தலையில் ஒரு கைக்குட்டைகூடக் கட்டமாட்டாள். பாதிரியார் சொல்லியும் மசியவில்லை. அழுத்தக்காரி.

போன பிப்ரவரியில் அவள் தம்பி குஸ்டோடியோ குழி தோண்டினான். அப்பா போனபோது தொட்டிலில் கிடந்தவன். இவள் தூக்கி வளர்த்த பிள்ளை. பக்கத்து நிலத்துக்காரி என்று நானும் கைகொடுக்கப் போயிருந்தேன்.

"கோழியைக் கவுத்து மூடுற மாதிரி இருக்கு. எனக்கு வேணாம்க்கா."

"உன் மூஞ்சியை யாருடா பாக்கப்போறா? போடு."

"என் பொண்டாட்டி பாத்தா சிரிப்பா."

"சிரிச்சுட்டுப் போறா. அழவிட்டுராத."

முணுமுணுத்துக்கொண்டே கவிழ்த்துக்கொண்டான். நட வேண்டிய நீளமான திராட்சைக் கொடிக்குச்சியோடு இறங்கி, அடியைக் களிமண்ணில் ஊன்றக் குனிந்தான். ஒரு பக்கச் சுவர் சத்தமே இல்லாமல் இறங்கியது. குழி இருந்த இடத்தில் மணல்தான் இருந்தது.

நான் மண்வெட்டியை எடுத்தேன்.

"இரும்பைப் போடாதடி! தலையில பட்டுரும்!" என்று ஜெனோவேவா கத்தினாள். "எங்கன்னு தோண்டுறது? ஐயோ, எங்கன்னு தோண்டுவேன்?"

அப்போதுதான் பார்த்தேன். மணலுக்கு மேலே கொடிக்குச்சியின் நுனி, விரல் நீளம், ஆடிக்கொண்டிருந்தது. காற்றுக்கு ஆடவில்லை. நின்று நின்று ஆடியது. உள்ளேயிருந்து ஒருவன் ஆட்டுகிறான்! இந்த மணலிலேயே பிறந்து வளர்ந்தவள் நான், எனக்கே உடம்பெல்லாம் சிலிர்த்தது.

நாலு கையாலும் நாய் பறிப்பதுபோலப் பறித்தோம். அவள் நகம் பிய்ந்து ரத்தம் வழிந்தது, அவள் கவனிக்கவே இல்லை. கூடையின் அடி தட்டுப்பட்டது. அதற்குள்ளிருந்து வசவு கேட்டது. அவ்வளவு அழகான கெட்டவார்த்தையை நான் அதற்குமுன் கேட்டதில்லை.

இடுப்புவரை வெளியே வந்ததும் குஸ்டோடியோ துப்பினான், இருமினான்.

"குச்சி ஒடஞ்சுதா?"

"ஒடையலடா."

"கூடை சின்னதுக்கா."

"உன் மண்டைதான்டா பெருசு," என்றவள் அப்படியே உட்கார்ந்து, ஏழு வயதுப் பிள்ளைபோல வாய்விட்டு அழுதாள். கடல்காற்று மணலை வாரி அவள் முகத்தில் அடித்தது. குஸ்டோடியோ ஒன்றும் யோசிக்கவில்லை. தன் கூடையைக் கழற்றி அவள் தலையில் கவிழ்த்தான்.

அவள் அதை எடுக்கவில்லை.

கூடைக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது: "முதல்ல மேல ஏறி வாடா."

அவன் ஏறி வந்தான்.